வீடு சௌக்கியம்

மார்ச் 3

தம்பிக்கு அக்கா எழுதறது.

நீ நல்லா இருப்பேன்னு எனக்குத் தெரியும். அடுத்தவ பொருளை எடுத்துட்டுப் போய் நாலு மாசமா திருப்பித் தராதவன் எப்பவும் நல்லாத்தான் இருப்பான். எனக்கு இடது முழங்கால் மட்டும் சொல்பேச்சுக் கேக்க மாட்டேங்குது. மத்தபடி கல்லு மாதிரி இருக்கேன்.

நவம்பர் மாசம் வந்து நின்னே. "கம்பெனிக்காரங்க எல்லாம் சேந்து வெளிய தங்கப் போறோம்க்கா, உன் கூடாரத்தையும் பம்ப் அடுப்பையும் பத்து நாளைக்குக் குடு"ன்னே. எனக்கு அப்பவே ஆச்சரியம். முப்பது வருஷமா என்னைக் கிண்டல் பண்ணின வாயி அது. "ஓட்டு வீடு இருக்கு, கட்டில் இருக்கு, இவ என்னடான்னா வாரம் தவறாம துணிக்குள்ள போய்ப் படுக்கிறா"ன்னு சொந்தக்காரங்க முன்னாடி சொல்லிச் சிரிச்சவன் நீ. அந்த வாயால கேட்டியேன்னு எடுத்துக் குடுத்தேன். பத்து நாளுன்னா எத்தனை நாளு? நான் மூணாங்கிளாஸோட நின்னவ. நீ படிச்சவன், நீயே சொல்லு.

அந்தக் கூடாரம் எப்படி வந்துச்சுன்னு உனக்கு மறந்திருக்கும். மறக்கலைன்னாலும் சொல்றேன், கேளு. பழைய இரும்புக் கடையில சிமெண்ட் மூட்டை மேல போத்தி வச்சிருந்தான். நான் லாரித் தார்ப்பாய்க்குக் கொக்கி வாங்கப் போனவ. மேல இருந்த துணியைத் தொட்டேன். தொட்ட உடனே கைக்குத் தெரிஞ்சுபோச்சு, இது இந்தக் காலத்துக் கித்தான் இல்லைன்னு. ஒரு காலத்துல நிலம் அளக்கிறவங்க காட்டுக்குள்ள தங்கறதுக்குத் தைச்சது. மூலைக்கு மூலை தோல் வச்சு, கண்ணுக்குக் கண்ணு பித்தளை வளையம். "என்ன விலை"ன்னேன். "இது சும்மா மூடி வச்சதும்மா, இதுக்கு வேற தார்ப்பாய் குடுத்துட்டு எடுத்துக்கோ"ன்னான். ரெண்டு நாள் உக்காந்து அவனுக்குப் புதுசா ஒண்ணு தைச்சுக் குடுத்தேன். அப்புறம் ஆறு மாசம் மெழுகு தடவி, கோணியூசியால முப்பத்திரண்டு ஒட்டு போட்டு, மனுஷன் படுக்கற மாதிரி ஆக்கினேன். அது என் கை.

ஆகஸ்ட் ரெண்டாம் சனிக்கிழமை பழைய சாமானோட வெளிய தங்கற எங்க கூட்டத்தோட மூணு நாள் தங்கல். அணைக்கட்டுக்கு மேல, வருஷா வருஷம் போறது. சட்டம் உனக்குத் தெரியும். நாப்பது வருஷத்துக்கு உட்பட்ட பொருள் எதுவும் உள்ள வரக்கூடாது. புதுசு கொண்டு வர்றவங்க மூணு நாளும் எல்லார் பாத்திரத்துக் கரியையும் தேய்க்கணும். என் கூடாரம்தான் அங்க இருக்கறதுலேயே வயசுல மூத்தது. அதனால எங்க தங்கறதுன்னு நான்தான் கை காட்டுவேன். பதினோரு வருஷமா கை காட்டறேன். இந்த வருஷம் கூடாரம் இல்லாமப் போனா கை காட்டின கையால கரி தேய்க்கணும்.

உடனே அனுப்பு. அடுப்பையும் அனுப்பு. உடம்பைப் பாத்துக்கோ.

கோவத்தோட,
அக்கா

*

மார்ச் 21

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். இங்கு உடம்பு சௌக்கியம், வேலை சௌக்கியம், வீடு சௌக்கியம். உன் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கவும்.

கூடாரம் பத்திரமாக இருக்கிறது. நண்பர்கள் இன்னொரு முறை போக ஆசைப்படுகிறார்கள். தாமதத்துக்கு அதுதான் காரணம். ஆகஸ்டுக்கு இன்னும் நாள் இருக்கிறதே.

இனிமேல் கம்பெனி குடியிருப்பு விலாசத்துக்கு எழுத வேண்டாம். மாடிப்படிக்குக் கீழே இருந்த தபால் பெட்டி உடைந்துவிட்டது. பிஸ்கட் கம்பெனிக்கு எதிரே உள்ள டீக்கடை என்று போட்டால் வந்து சேரும்.

ஒரு சந்தேகம். மழை பெய்யும்போது தலைமாட்டில் ஒரே இடத்தில் சொட்டுகிறது. என்ன செய்யலாம்?

இப்படிக்கு,
உன் தம்பி

*

ஏப்ரல் 4

தம்பிக்கு,

முழங்கால் அப்படியேதான் இருக்கு. ஒத்தடம் குடுத்தா சூடா வலிக்குது, குடுக்கலைன்னா ஆறிப்போய் வலிக்குது.

உன் லெட்டரைப் படிச்சதும் சிரிப்பு ஒரு பக்கம், எரிச்சல் ஒரு பக்கம். உடம்பு சௌக்கியம், சரி. வேலை சௌக்கியம், அதுவும் சரி, பிஸ்கட் வேகற அடுப்புக்கு மேஸ்திரி, இருபத்தாறு வருஷம் ஆச்சு. அது என்னடா வீடு சௌக்கியம்? வீட்டுக்குக் காய்ச்சலா வரும்? நாலாவது மாடி, குழாயைத் திருகினா தண்ணி, சுவத்தைத் தட்டினா வெளிச்சம், அதுக்கு சௌக்கியத்துக்கு என்ன குறைச்சல்? பெருமை அடிச்சுக்கறே. உன் பொண்டாட்டி இருந்த வரைக்கும் அவ அழகா ரெண்டு வரி எழுதுவா, வாசல்ல நிக்கிற பூனைக்குட்டி வரைக்கும் விசாரிப்பா. புண்ணியவதி போய்ச் சேந்துட்டா. நீ ஆபீஸ் நோட்டீஸ் மாதிரி எழுதறே.

சொட்டுதுன்னு கேட்டிருக்கே. உன் தலையாலதான் முட்டியிருப்பே. நனைஞ்ச கித்தானை உள்பக்கம் தொடக்கூடாது, தொட்ட எடத்துல தண்ணி கசியும். சின்னப் புள்ளைக்குத் தெரியும் இது. சரி, இனிமே இப்படிச் செய். சொட்டற எடத்துல விரலை வை. துணியை விட்டு எடுக்காம அப்படியே கீழ தரை வரைக்கும் ஒரு கோடு இழு. தண்ணி அந்தக் கோட்டைப் புடிச்சுக்கிட்டு ஓரமா இறங்கிப் போயிரும். உன் மேல சொட்டாது.

சொல்லிக் குடுத்துட்டேனேன்னு சந்தோசப்படாதே. மழையில எதுக்குடா போறீங்க? யோசனை உள்ளவன் எவனாவது மழை நாளாப் பாத்து வெளிய தங்குவானா?

எங்க கூட்டத்துல மூக்குக்கண்ணாடி ரிப்பேர் பண்றவர் இருக்காரே, பித்தளைத் தொலைநோக்கி வச்சிருப்பாரு, அவருக்கு விஷயம் தெரிஞ்சுபோச்சு. அந்த மனுஷனுக்குத் தூரத்துல தெரியறது எல்லாமே கொக்குதான். போன தங்கல்ல வெள்ளைச் சட்டை போட்ட வனக்காவலரைப் பாத்து, "அடேயப்பா, எவ்வளவு பெரிய கொக்கு"ன்னாரு. அந்தக் கொக்கு நேரா நடந்து வந்து அடுப்பை அணைக்கச் சொல்லிட்டுப் போச்சு. அப்பேர்ப்பட்டவர் இப்ப என்னைக் கிண்டல் பண்றாரு. "என்னம்மா, தம்பி கூடாரத்தைச் சீதனமா எடுத்துக்கிட்டாரா? ஆகஸ்டுல கரி தேய்க்க நல்ல தேங்காநாரு கொண்டாங்க"ங்கறாரு. பல் டாக்டரம்மா அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிக்குது. ஊருல எல்லாரையும் வாயைத் தொறன்னு சொல்ற பொம்பளை அது, பழைய பெட்டிக் கேமராவைத் தூக்கினா மட்டும் "வாயை மூடுங்க, போட்டோ கெடுது"ன்னு அதட்டும். அதுகிட்டயெல்லாம் நான் பேச்சு வாங்கறேன்.

நான் இப்பல்லாம் ஞாயித்துக்கிழமை சைக்கிளை எடுத்துக்கிட்டுக் கால்வாய்க் கரையோட போறேன், எனாமல் குவளையில ஆறின டீயைக் குடிச்சுட்டுப் பொழுது சாயறதுக்குள்ள திரும்பிடறேன். உன் புண்ணியத்துல.

இந்த மாசக் கடைசிக்குள்ள வரணும்.

அக்கா

*

மே 2

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். உடம்பு சௌக்கியம், வேலை சௌக்கியம், வீடு சௌக்கியம். மூக்குக்கண்ணாடிக்காரர் மனம் போல நடக்காது, கவலைப்படாதே.

விரலால் கோடு இழுத்தேன். நீ சொன்னபடியே தண்ணீர் ஓரமாக இறங்கிவிட்டது. இவ்வளவு சுலபமா என்று நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

விடியும்போது கித்தானுக்குள் ஒரு வெளிச்சம் வருகிறதே, டீ நிறத்தில். நீ முன்பு சொன்னபோது நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

இன்னும் இரண்டு சந்தேகங்கள். கூடாரத்துக்கு அடியில் புல் மஞ்சளாகி, வேர் வெளுத்து, வழுக்குகிறது. அதற்கு என்ன செய்வது? அடுப்பின் சுடரும் மஞ்சளாக எரிந்து பாத்திரமெல்லாம் கரியாகிறது. பின் போட்டுக் குத்திப் பார்த்தேன், சரியாகவில்லை.

சீக்கிரம் அனுப்புகிறேன்.

உன் தம்பி

*

மே 12

தம்பின்னு எழுதவே கை வரலை. இருந்தாலும் எழுதறேன். தம்பிக்கு,

நான் நல்லா இருக்கேனான்னு கேக்காதே. உன் லெட்டர் வந்த அன்னைக்கு லாரி ஷெட்டுல நான் போட்ட சத்தத்துல பஞ்சர் ஒட்டறவர் டியூபைத் தண்ணித் தொட்டியிலயே விட்டுட்டு ஓடி வந்தாரு, எனக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு.

புல்லு மஞ்சளாச்சாம்! வேரு வெளுத்துச்சாம்! யாருகிட்டடா சொல்றே? ரெண்டு நாள் கூடாரம் போட்டா புல்லு படுக்கும். வாரம் போட்டா வெளிறும். வேரு வெளுத்து வழுக்கணும்னா மாசக்கணக்குல ஒரே எடத்துல நிக்கணும். முப்பது வருஷமா புல்லு மேல படுத்து எழுந்திரிக்கிறவ நான், எனக்கா தெரியாது?

என்ன நடக்குதுன்னு கண்டுபுடிச்சுட்டேன். நண்பர்கள் ஆசைப்படறாங்களாம், எந்த நண்பர்கள்? கம்பெனி வாசல்ல வாட்ச்மேனுக்குக் கூண்டு கட்ட துப்பில்லை, நீ என் கூடாரத்தைத் தூக்கி அவனுக்குக் குடுத்துட்டே. அவன் அங்கயே டீ வைக்கிறான், அங்கயே கால் நீட்டறான், மழை வந்தா தலையால முட்டறான். அவனுக்கு வர்ற சந்தேகத்தையெல்லாம் நீ என்கிட்ட எழுதிக் கேக்கறே. மேஸ்திரி தாராளமா தர்மம் பண்றாரு, அக்கா வீட்டுச் சொத்துல!

அடுப்புக்குச் சொல்றேன், அது பித்தளை, பாவம், அது என்ன பண்ணும். பின் போட்டுக் குத்தினா மட்டும் பத்தாது. குடுவைக்குள்ள மண்ணெண்ணெய் கசடு படிஞ்சிருக்கும். நாள் தவறாம மூணு வேளையும் எரிச்சாத்தான் அந்தக் கசடு வரும். மொத்தத்தையும் ஊத்திட்டு, நல்ல எண்ணெய் ரெண்டு தடவை விட்டு அலசச் சொல்லு உன் வாட்ச்மேனை. புல்லுக்கு வைத்தியம் ஒண்ணுதான், நாலு அடி தள்ளிப் போடறது. இல்லைன்னா அடித்துணி உளுத்துப் போயிரும்.

இதுதான் கடைசி. ஜூன் முடியறதுக்குள்ள கூடாரம் வரலைன்னா நேரா கம்பெனிக்கே வருவேன். நாலு மாடியும் ஏறுவேன், முழங்கால் போனாப் போகட்டும். உன் அக்கம்பக்கத்துக்காரங்க முன்னாடி வச்சுக் கேப்பேன்.

அக்காவாகப்பட்டவ

*

ஜூன் 16

தம்பிக்கு,

ஒரு மாசம் ஆச்சு. பதில் இல்லை. டீக்கடை விலாசமே டூப்போன்னு நினைச்சு, போன வாரம் உன் குடியிருப்புக்குப் பதிவுத் தபால் அனுப்பினேன். நேத்து திரும்பி வந்துச்சு. மேல செவப்பு மையில இங்கிலீஷு. தபால்காரர் வாசிச்சுச் சொன்னாரு, "வீடு காலி செய்யப்பட்டது"ன்னு எழுதியிருக்காம்.

வீடு மாத்தினியா? மாத்திட்டு என்கிட்டச் சொல்லலையா? ஒரு துணிக்குப் பயந்து சொந்த அக்காகிட்ட விலாசத்தை மறைக்கிறியா? அம்மா சாகறப்ப உன் கையைப் புடிச்சு என் கையில குடுத்தாளே, அதுவும் காலி பண்ணியாச்சா?

உனக்கு ஒரு விஷயம் சொல்லணும், கூடாரத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை. நீ ஆறு வயசுல கொய்யாப்பழம் திருடிட்டு மாட்டிக்கிட்டே. தோட்டக்காரன் வந்து கேட்டப்ப, "நான் திங்கலை, நான் நல்லா இருக்கேன்"ன்னு சொன்னே. தின்னியான்னுதான் கேட்டான், நல்லா இருக்கியான்னு அவன் கேக்கவே இல்லை. மாட்டிக்கிட்டா உனக்கு அதுதான் வாயில வரும். அன்னையிலருந்து உன் பொய்யை நான் கண்டுபுடிக்கத் தவறினதே இல்லை. இப்பவும் கண்டுபுடிச்சுட்டேன். கூடாரத்தைக் கிழிச்சுட்டே. அதைச் சொல்ல முடியாம ஒளியறே.

கிழிஞ்சிருந்தாலும் பரவாயில்லை, அனுப்பு. தைக்கிறது என் தொழில். தர மாட்டேன்னு இருக்கறதைத்தான் என்னால தாங்க முடியலை. ஆகஸ்டுக்கு ஏழு வாரம்தான் இருக்கு. பல் டாக்டரம்மா எனக்கு ஒரு நைலான் கூடாரம் இரவல் தரேன்னுது. ஊதினா விரியுமாம், ஊதுபத்தி பட்டா உருகுமாம். அதுக்குள்ள நான் படுக்கணுமா?

அக்கா

*

ஜூலை 1

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். உடம்பு சௌக்கியம், வேலை சௌக்கியம், வீடு சௌக்கியம்.

கூடாரத்தை நேற்று லாரிப் பார்சலில் அனுப்பிவிட்டேன். கிழியவில்லை. கழுவி, மூன்று நாள் வெயிலில் காயவைத்து, நீ மடிக்கிற மாதிரியே மடித்திருக்கிறேன். இடையில் சில சிறிய வேலைகள் செய்யவேண்டி வந்தது. கோபித்துக்கொள்ளாதே. உன் அளவுக்குத் தையல் வராது.

வீடு மாறியதைச் சொல்லாதது என் தவறு. புது இடம் கீழ்த்தளம். படி ஏற வேண்டாம். நல்ல காற்றோட்டம். வாசலிலேயே மரம். ஆனால் இடம் சிறியது, அதனால் நீ சிரமப்பட்டு வர வேண்டாம். கடிதம் டீக்கடைக்கே வரட்டும்.

அடுப்பு மட்டும் இன்னும் கொஞ்ச நாள் என்னிடம் இருக்கட்டும்.

அணைக்கட்டில் நீயே கை காட்ட வேண்டும்.

உன் தம்பி

*

ஜூலை 18, வெள்ளிக்கிழமை

தம்பிக்கு,

நான் நல்லா இருக்கேன். முழங்கால் பரவாயில்லை. பார்சல் இன்னைக்குக் காலையில ஷெட்டுக்கு வந்துச்சு. இன்னும் பிரிக்கலை. பிரிக்கறதுக்கு முன்னாடி உன்னை நாலு வார்த்தை கேட்டுட்டுப் பிரிக்கறேன்.

அடுப்பு எங்க? கூடாரமும் அடுப்பும் ஜோடியாத்தான் போச்சு. கீழ்த்தளத்துல வீடு புடிச்சிருக்கே, காத்து வருது, மரம் இருக்குன்னு அளக்கறே, அந்த வீட்டுல அடுப்பு இல்லையா? கேஸ் அடுப்பை வச்சுக்கிட்டு அக்காவோட பம்ப் அடுப்பு எதுக்கு? தங்கல்ல நான் எதுல டீ போடறது? கண்ணாடிக்காரர் கொக்குக் கண்ணாலயா?

"சிறிய வேலைகள்" செஞ்சியாமே. என் தையல் மேல கை வச்சிருக்கே. எங்க எங்க வச்சிருக்கேன்னு ஒண்ணு விடாம எழுதி அனுப்பறேன், இரு. இப்ப பிரிக்கப் போறேன்.

சனிக்கிழமை

மேல இருக்கறது நேத்து எழுதினது. கிழிச்சுப் போட்டிருக்கலாம். போடலை. நான் எப்பேர்ப்பட்டவங்கறது உனக்கும் தெரியட்டும், எனக்கும் ஞாபகம் இருக்கட்டும்.

நேத்து ஷெட்டுல தரையைப் பெருக்கிட்டு, நானும் பஞ்சர் ஒட்டறவரும் கூடாரத்தை விரிச்சோம். உள்ள சவரச் சோப்பு வாசனை. நடுக்கம்பு பக்கத்துல, ஒரு ஆளு மண்டி போட்டா மூஞ்சிக்கு நேரா வர்ற எடத்துல ஒரு துணிக் காது தைச்சிருந்துச்சு. "இது எதுக்கு?"ன்னேன். "கண்ணாடி மாட்டறதுக்கும்மா, சவரம் பண்ண"ன்னாரு. தலைமாட்டுல ஒரு சின்னப் பை, மூக்குக்கண்ணாடி வைக்கிற அளவு. கால்மாட்டுல டிபன் டப்பா தொங்க ஒரு கொக்கி. எறும்பு ஏறாம இருக்க.

அவரு சுத்திப் பாத்துட்டுச் சொன்னாரு, "யாரோ இதுல குடித்தனம் பண்ணியிருக்காங்கம்மா."

நான் அவரைப் புடிச்சுக் கத்தினேன். "வாயைக் கழுவு, என் தம்பி கம்பெனி மேஸ்திரி, வாட்ச்மேன் எவனோ இருந்திருக்கான்"ன்னேன். கத்திக்கிட்டே மேல்மடிப்பைத் தூக்கினேன். உச்சியில பெருசா ஒரு ஒட்டு. நீலத் துணி. கோணல் மாணலா, ஆனா கெட்டியா, நான் போடற மாதிரியே ரெட்டைத் தையல். திருப்பிப் பாத்தா சட்டைப் பை அப்படியே இருக்கு. பையில செவப்பு நூல்ல கோதுமைக்கதிர்.

உன் யூனிபாரம்டா அது. வேலையில இருக்கறவன் யூனிபாரத்தை வெட்ட மாட்டான்.

அப்படியே தரையில உக்காந்துட்டேன். பதிவுத் தபால் திரும்பி வந்தது, டீக்கடை விலாசம், வெளுத்த வேரு, கசடு புடிச்ச அடுப்பு, எல்லாம் என் கைக்கு வந்துச்சு, எல்லாத்தையும் தொட்டுப் பாத்தேன். கித்தானைத் தொட்ட உடனே வயசு சொல்றவ நான். என் தம்பியைத் தொட்டுப் பாத்து ஒண்ணும் தெரியலை எனக்கு. உன் நாலாவது மாடி மேல எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

அப்பத்தான் கூரை மேல சடசடன்னு மழை. எங்க ஷெட்டுக் கூரை தகரம், பேச முடியாது அந்தச் சத்தத்துல. பஞ்சர் ஒட்டறவர் என்னமோ கேட்டாரு. அங்கயும் பெய்யுதான்னு கேட்டாரு போல.

எனக்கு வர்ற ஆத்திரத்தை யாரு மேல எறக்கறதுன்னு தெரியலைடா. இருபத்தாறு வருஷம் அடுப்புல உன்னை வாட்டி எடுத்துட்டு, வேலையோட வீட்டையும் புடுங்கிக்கிட்டு வெளிய தள்ளின கம்பெனி மேலயா? நவம்பர் மாசம் என் வாசல்ல நின்னுக்கிட்டு, "அக்கா, இடம் இல்லை"ன்னு ரெண்டு வார்த்தை சொல்லத் துப்பில்லாம பிக்னிக்குன்னு சொன்ன உன் மேலயா? என் வீட்டுல ரெண்டு அறைடா. ஒண்ணுல நான் இருக்கேன், இன்னொண்ணுல பழைய சைக்கிள் சக்கரமும் துருப்புடிச்ச லாந்தரும் இருக்கு. லாந்தருக்கு அறை குடுத்திருக்கேன். தம்பிக்குக் குடுக்க மாட்டேனா? கிண்டல் பண்ணினோமே, இப்ப எந்த மூஞ்சியோட கேக்கறதுன்னு நினைச்சியா? நீ கிண்டல் பண்ணாத நாள்லதான் எனக்குச் சந்தேகம் வரணும்.

இல்லை, என் மேலதான். உன் கூரையைப் புடுங்கினது நான். லெட்டருக்கு மேல லெட்டர் போட்டுப் புடுங்கினேன். நீயும் துவைச்சுக் காயவச்சு மடிச்சு அனுப்பியிருக்கே. ஊருக்கெல்லாம் தார்ப்பாய் தைச்சுக் குடுக்கறேன். உப்பு நனையக் கூடாது, சிமெண்ட் நனையக் கூடாது, எவனோட வெங்காயமும் நனையக் கூடாது. என் தம்பி நனையறான்.

இப்ப சொல்றதைக் கவனமா கேளு. இந்த லெட்டரை உப்பு லாரிக்காரர் கையில குடுத்து விடறேன். நாளைக்குக் காலையில உன் டீக்கடையில அவரே கொண்டு வந்து தருவாரு. கூடவே ஒரு தார்ப்பாய், பெரிய துண்டு, கட்டிக்கக் கயிறு. மேடான எடமாப் பாரு, மரத்தடியில கட்டாதே, மழை நின்னப்புறமும் மரம் சொட்டும். நான் இப்பவே கிளம்பி வந்திருப்பேன், ஆனா புதன்கிழமைக்குள்ள ஒரு தார்ப்பாய் முடிச்சுத் தரணும்னு முதலாளி தலை மேல நிக்கறாரு. வியாழக்கிழமை லாரியில வரேன். நீ எங்கயும் ஒளியக் கூடாது. ஒளிஞ்சா டீக்கடை பெஞ்சுலயே உக்காந்திருப்பேன், என் வாயைத் தாங்காம டீக்கடைக்காரரே உன்னைப் புடிச்சுக் குடுப்பாரு.

அடுப்பைத் திருப்பித் தர வேண்டாம். அதை நீயே தூக்கிக்கிட்டு வா.

ஆகஸ்டுல நீயும் அணைக்கட்டுக்கு வர்றே. சட்டம் நாப்பது வருஷத்துக்கு மேல. உனக்கு அம்பத்தாறு. சேத்துக்குவாங்க. அந்த நீல ஒட்டு மட்டும் புதுசுதான். கண்ணாடிக்காரர் கட்டாயம் கண்டுபுடிச்சு, கரி தேய்ன்னு சொல்வாரு. தேய்க்கறேன். அந்த ஒட்டைப் பிரிக்க மாட்டேன்.

லாரி திங்கட்கிழமை இங்க திரும்பி வந்துரும். அதுல ஒரு வரி எழுதிக் குடுத்து விடு. அந்த மூணு சௌக்கியத்தையும் மறுபடி எழுதினேன்னா வந்து கையை ஒடிப்பேன். உள்ளதை எழுது.

அக்கா

*

ஜூலை 20

அக்கா,

உடம்பு சௌக்கியம்தான். வேலை இல்லை. வீடு இல்லை.

டீக்கடை பெஞ்சுல உக்காந்து எழுதறேன். லாரிக்காரர் டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள எழுதணும். தார்ப்பாய் வந்துச்சு. லெட்டரைப் படிச்சேன். பாதியில எழுந்து போய் மூஞ்சி கழுவிட்டு வந்து மீதியைப் படிச்சேன்.

அடுப்பைத் துலக்கி வச்சிருக்கேன். சுடர் இப்ப நீலமா எரியுது.

வியாழக்கிழமைன்னு எழுதியிருக்கே. செவ்வாய்க்கிழமையே வர முடியுமாக்கா?

தம்பி